சாக்கடைதானே, எதை விட்டால் என்ன? மதுரைப் பட்டறைக்காரர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

தண்ணீர் பரிசோதிக்கும் சின்ன லேப் ஒன்றில் எனக்கு வேலை. செல்லூர், கே.புதூர், கப்பலூர் என்று பாட்டிலும் ஐஸ் பெட்டியுமாகச் சுற்றுகிறவன். சாம்பிள் எடுக்கப் போன இடத்தில் டீ வரும், டீயோடு கேள்வியும் வரும். சாயப்பட்டறைக்காரர், முலாம் போடுகிறவர், மெஸ் நடத்துகிறவர், வாட்டர் வாஷ் வைத்திருக்கிறவர் எல்லோரும் கேட்பது சுற்றிச் சுற்றி ஓர் இருபது கேள்விகள்தான். ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டதால் எழுதியே வைத்துவிட்டேன்.

சாக்கடை இருப்பதே கழிவு போகத்தான். பட்டறைத் தண்ணீரை அதில் விட்டால் என்ன தப்பு?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். நியாயமான கேள்வியும்கூட.

பாதாளச் சாக்கடை ஒரு குழாய், அதற்கு மறுமுனை ஒன்று இருக்கிறது. மூடிக்குக் கீழே போனதும் நம் கண்ணிலிருந்து மறைகிறதே தவிர தண்ணீர் எங்கேயும் காணாமல் போவதில்லை. நம் ஊர்க் கழிவுநீர் பம்பிங் ஸ்டேஷன்கள் வழியாகத் தள்ளப்பட்டு, பெரும்பகுதி அவனியாபுரம் வெள்ளக்கல்லுக்கும் மற்றது சக்கிமங்கலத்துக்கும் போகிறது. வெள்ளக்கல் நிலையத்தை நாளுக்கு 12.5 கோடி லிட்டருக்கும், சக்கிமங்கலத்தை 4.57 கோடி லிட்டருக்கும் கட்டினார்கள். பார்த்தால் மோட்டாரும் தொட்டியுமாக ஏதோ ஃபேக்டரி மாதிரி இருக்கும். ஆனால் அங்கே வேலை பார்ப்பது கிருமிகள். காற்றை ஊதிக் கொடுத்தால் அவை மலம், சோற்றுக் கஞ்சி, குளித்த அழுக்கு இதையெல்லாம் தின்று தீர்க்கும், அப்புறம் கனத்து அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீர் வெளியேறும். அவ்வளவுதான் மொத்த வித்தையும்.

இப்போது உங்கள் பட்டறைத் தண்ணீருக்கு வருவோம். உப்பைக் கிருமி தின்னாது, உள்ளே வந்த உப்பு அப்படியே மறுபக்கம் போய்விடும். குரோமியம், நிக்கல், ஈயம் மாதிரி உலோகங்களையும் தின்னாது. அவற்றில் பாதி கசடில் ஒட்டிக்கொள்ளும், மீதி தண்ணீரோடு போகும். ரியாக்டிவ் சாயம் பெரும்பாலும் நிறம் மாறாமல் கடந்துவிடும். ஆசிட், சயனைடு, பிளீச்சிங் இதெல்லாம் மொத்தமாக வந்து விழுந்தால் கிருமியே செத்துப்போகும், மறுபடி வளர்த்தெடுக்க நாட்கணக்கில் ஆகும், அந்த நாட்களில் ஊர் முழுக்க வருகிற கழிவு அரைகுறையாகத்தான் வெளியேறும். ஒரு பட்டறைக்காரர் ஒரு ராத்திரி திறந்துவிட்ட தொட்டிக்கு ஊரே வட்டி கட்டுகிறது.

கழிவுநீரில் மாட்டுப் புல் வளர்த்த ஊர் நம் ஊர். அவனியாபுரம் புல் யார் வீட்டு மாட்டுக்குப் போனது, அந்தப் பால் யார் வீட்டுக் காபியில் விழுந்தது என்று யோசித்தால் குழாயின் மறுமுனை அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது புரியும்.

எவ்வளவு வரைக்கும் விடலாம்? அளவு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் ஆறாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு பத்திகள்: ஆறு, குளம் மாதிரி நீர்நிலைக்கு ஒன்று, பொதுச் சாக்கடைக்கு ஒன்று, பாசன நிலத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று.

சாக்கடைப் பத்தியில் நம் ஆட்களுக்கு முக்கியமானவை இவை. பிஹெச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 5.5-லிருந்து 9 வரை. கரையாமல் தண்ணீரில் தொங்கும் திடப்பொருள் லிட்டருக்கு 600 மில்லிகிராம். பிஓடி 350. எண்ணெயும் கிரீஸும் 20. ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் விஷமான வடிவம்) 2, மொத்தக் குரோமியமும் 2, செம்பு 3, நிக்கல் 3, துத்தநாகம் 15, ஈயம் 1, சயனைடு 2. இதோடு நம் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியம் கரைந்த உப்புக்கு, அதாவது டிடிஎஸ்ஸுக்கு, 2100 என்று கோடு போட்டிருக்கிறது.

நீர்நிலைப் பத்தியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சங்கதி விளங்கும். அங்கே பிஓடி 30 தான், சாக்கடைக்கு 350. கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு சலுகை. ஏன்? பிஓடி என்றால் கிருமி தின்னக்கூடிய சரக்கு, அதைத் தின்னத்தான் வெள்ளக்கல்லில் கிருமி காத்திருக்கிறது. உப்புக்கு அந்தச் சலுகை இல்லை, இரண்டுக்கும் ஒரே 2100 தான், ஏனென்றால் நடுவில் அதை எடுக்க யாரும் இல்லை. சுத்திகரிப்பு நிலையத்தால் எடுக்க முடியாததை நீங்கள்தான் எடுத்தாக வேண்டும். இது புரிந்துவிட்டால் மீதிக் கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாக வந்துவிடும்.

எங்கள் தெருச் சாக்கடை வாய்க்காலில் போய் விழுகிறது. எங்களுக்கும் அந்த 350 தானே?

இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். அந்த அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: கிருமியை வைத்துச் சுத்தம் செய்யும் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்குப் போகிற சாக்கடைக்கு மட்டும்தான் அந்தத் தளர்வான அளவு, போகாத சாக்கடையில் விட்டால் நீர்நிலையில் விட்டதாகவே கணக்கு. 350 அங்கே 30 ஆகிவிடும். ஆறு இணைதிறன் குரோமியம் 2 என்பது 0.1 ஆகிவிடும்.

ஆகவே முதல் வேலை, உங்கள் குழாய் எதில் சேர்கிறது என்று தெரிந்துகொள்வது. பந்தல்குடி வாய்க்காலிலோ கிருதுமாலிலோ நேராக விழுகிறது என்றால் நீங்கள் "சாக்கடையில்தான் விடுகிறேன்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் திறந்த வாய்க்கால், மூடிய குழாய் இரண்டையுமே சாக்கடை என்றுதான் சொல்கிறது, ஆனால் அளவு என்று வரும்போது தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைத்தான் பார்ப்பார்கள்.

கிருதுமால் என்றதும் நமக்கு மூக்கைப் பிடிக்கும் கைதான் முதலில் எழும். நாகமலை அடிவாரத்தில் பிறந்து, கூடலழகரோடு சேர்த்துப் பேசப்பட்ட நதி அது. நகரத்தைத் தாண்டிக் கீழே போனால் இன்றைக்கும் கண்மாய்களுக்குப் பாயும் பாசன நதி. நமக்குச் சாக்கடை, அவர்களுக்கு வயல் தண்ணீர். இரண்டும் ஒரே தண்ணீர்.

அண்ணே, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலந்து விட்டால் அளவுக்குள் வந்துவிடுமே?

கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிறீர்கள், லிட்டருக்கு 60 கிராம் உப்பு. ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் 60 கிலோ உப்பு. சாயம் துணியில் ஏறும், உப்பு ஏறாது, 60 கிலோவும் தொட்டியிலேயே கிடக்கும். அதாவது லிட்டருக்கு 60,000 மில்லிகிராம். 2100-க்குக் கொண்டுவர, உப்பே இல்லாத மழைத்தண்ணீராக இருந்தால்கூட இன்னொரு 27,500 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும். உங்கள் போர்த் தண்ணீரே டிடிஎஸ் 1000 காட்டுகிறது என்றால் அது 52,000 லிட்டரையும் தாண்டும். ஒரு தொட்டிச் சாயத்துக்கு! வெயில் காலத்தில் குடிதண்ணீருக்குக் குடம் தூக்குகிற ஊரில் இதை யார் கொடுப்பார்கள்?

அப்படியே ஊற்றினாலும் மறுமுனைக்குப் போகும் உப்பு அதே 60 கிலோதான். கலக்குவது சுத்திகரிப்பு ஆகாது.

உருப்படியான வழி வேறு. சாயத் தொட்டித் தண்ணீரையும் அலசும் தண்ணீரையும் தனித்தனிக் குழாயில் பிரியுங்கள். உப்பில் பெரும்பங்கு முதல் தொட்டியிலும் முதல் அலசலிலும்தான் இருக்கிறது, அளவில் அது மொத்தத் தண்ணீரில் சின்னப் பங்கு. அதைத் தனியாகப் பிடித்துவிட்டால் மீதியைச் சமாளிப்பது பாதி சுலபம், கடைசி அலசல் தண்ணீரை அடுத்த துணிக்கு முதல் அலசலாகவும் பயன்படுத்தலாம். செல்லூரில் ஒரு பட்டறையில் இதைச் செய்யச் சொல்லி மூன்று வருஷம் நச்சரித்தேன். கடைசியில் செய்தது எனக்காக இல்லை, டேங்கர் தண்ணீர் விலை ஏறியதற்காக. பரவாயில்லை, நடந்தால் சரி.

பிளீச்சிங் போட்டு நிறத்தை எடுத்துவிட்டேன். இனி சுத்தம்தானே?

நிறம் போனது, சரக்கு போகவில்லை. உப்பு அங்கேயேதான் இருக்கிறது, சாயத்தின் துண்டுகளும் இருக்கின்றன, கூடுதலாகக் குளோரின் சேர்ந்துவிட்டது. அந்தக் குளோரின் குழாயில் மிச்சம் இருந்தால் கிருமிக்கு விஷம். எங்கேயாவது ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயுவாகக் கிளம்பி மேலே நிற்கிறவர் நெஞ்சை அடைக்கும்.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பைவிடக் கண்ணுக்குத் தெரியாததுதான் எனக்குப் பயம். சிவப்புத் தண்ணீருக்குப் பத்துப் பேர் புகார் கொடுப்பார்கள், நிக்கலுக்கு யார் கொடுப்பார்கள்?

நாங்கள் இயற்கைச் சாயம் போட்டுச் சுங்குடி செய்கிறோம். எங்களுக்குமா இதெல்லாம்?

சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது, ஊருக்கே பெருமைதான். ஆனால் இயற்கை என்ற சொல்லைக் கேட்டால் அட்டவணை விலகி நிற்காது.

முதலில் சாயம் பிடிக்க எதைப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். படிகாரம் என்றால் பெரிய தொல்லை இல்லை, பிஹெச் இறங்கும், அதைச் சோடாவோ சுண்ணாம்போ போட்டுச் சரி செய்யலாம். மயில்துத்தம் என்றால் செம்பு. பொட்டாசியம் டைகுரோமேட் என்றால் அது நேராக ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய்ப் பட்டியலில் இருக்கும் சரக்கு. மஞ்சளும் கடுக்காயும் பக்கத்தில் இருப்பதால் அது சாதுவாகிவிடாது. அப்புறம் கடுக்காய், பட்டை எல்லாம் கொதித்த தண்ணீரில் பிஓடி எக்கச்சக்கமாக இருக்கும். கிருமி தின்னக்கூடியதுதான், என்றாலும் ஒரேயடியாக வந்தால் திணறும். ஒரு நாள் முழுக்கச் சேரும் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து, கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டாலே நிலைமை பெரிதும் மாறும். இந்தச் சமன்செய்யும் தொட்டி எல்லாத் தொழிலுக்கும் பொருந்தும், அதிகச் செலவும் இல்லை, ஆனாலும் இதைத்தான் கடைசியாகக் கட்டுகிறார்கள்.

முலாம் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு டிரம் தண்ணீர்தான். அதற்குமா?

அதற்குத்தான் முதலில். தண்ணீர் அளவு சின்னது, உள்ளே இருப்பது பெரியது.

முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. சயனைடு தொட்டித் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் ஒரே குழாயில் சேரவே கூடாது. சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், பட்டறைக்குள்ளேயே ஆள் விழுவார். குரோமியம் தண்ணீர் ஆசிட்தான், ஆக அதையும் சயனைடோடு சேர்க்கக் கூடாது. இரண்டுக்கும் இரண்டு டிரம், இரண்டு நிறப் பெயிண்ட், இரண்டு வாளி.

சயனைடுத் தண்ணீரைக் காஸ்டிக் சோடா போட்டு பிஹெச் 10-க்கு மேல் ஏற்றிவைத்துக்கொண்டுதான், சயனைடை உடைக்கும் ஹைப்போ குளோரைட்டை ஊற்ற வேண்டும். பிஹெச் இறங்கிய நிலையில் ஊற்றினால் விஷ வாயு. குரோமியத்துக்கு நேர்மாறு: பிஹெச்சை 2, 3 என்று இறக்கி சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டால் மஞ்சள் பச்சையாக மாறும், அதாவது ஆறு இணைதிறன் மூன்றாகிவிட்டது. அப்புறம் சுண்ணாம்பு போட்டு 8, 9-க்கு ஏற்றினால் கசடாக அடியில் உட்காரும். நிறம் மாறுவதைப் பார்த்தே நம் பையன்கள் கற்றுக்கொண்டுவிடுவார்கள், ஆனால் முதல் பத்து முறையாவது தெரிந்தவர் யாராவது பக்கத்தில் நிற்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் காசு மிச்சமாகும் வேலை ஒன்று இருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த சாமானை உடனே அலசப் போகாமல் தொட்டிக்கு மேலேயே அரை நிமிஷம் தொங்கவிட்டு வடியவிடுங்கள். வடிகிற ஒவ்வொரு சொட்டும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய நிக்கல்.

மெஸ் நடத்துகிறேன். தொழிற்சாலையா நடத்துகிறேன், எனக்கு ஏன் நோட்டீஸ்?

பரோட்டாக் கல் கழுவிய தண்ணீரும் சால்னாச் சட்டி கழுவிய தண்ணீரும் சூடாகப் போகும்போது எண்ணெய் ஓடிவிடும். பத்தடி தள்ளிக் குழாய் குளிர்ந்ததும் உறைந்து ஒட்டும், அதில் இலைத்துணுக்கும் டீத்தூளும் ஒட்டும், ஒரு மாதத்தில் குழாய் பாதி. அப்புறம் மழை பெய்த அன்று மூடி வழியாக எல்லாம் மேலே பொங்கிவரும், உங்கள் கடை வாசலிலேயே. சாக்கடை அடைப்புகளில் நிறைய ஹோட்டல் எண்ணெயால் வருபவைதான்.

கிரீஸ் டிராப் வையுங்கள். தடுப்புப் போட்ட தொட்டி, அவ்வளவுதான். தண்ணீர் மெதுவாகப் போகும்போது எண்ணெய் மேலே நிற்கும், அடியில் இருந்து தண்ணீர் மட்டும் வெளியேறும். வைத்துவிட்டு வழித்து எடுக்காவிட்டால் வைக்காததற்குச் சமம். நான் பார்த்ததில் பத்துக் கடையில் எட்டு அப்படித்தான், மூடியைத் திறந்தால் எண்ணெய் கெட்டித் தயிர் மாதிரி நிற்கிறது. வெந்நீரும் சோப்பும் ஊற்றிக் கரைத்துவிடுகிறேன் என்கிறவர்கள் தங்கள் அடைப்பைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்புகிறார்கள்.

பொரித்த எண்ணெயை ஒரு சொட்டுகூடச் சாக்கடையில் விட வேண்டியதில்லை, பயோடீசலுக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. 2018-லிருந்து மொத்தத் துருவச் சேர்மம், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் கெட்டுப்போன சரக்கு, 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி சமைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் இருக்கிறது.

வாட்டர் வாஷ், மெக்கானிக் ஷெட்?

மண்ணும் ஆயிலும். மண்ணுக்கு ஒரு குழி, ஆயிலுக்கு ஒரு தடுப்புத் தொட்டி. பழைய இன்ஜின் ஆயிலை டிரம்மில் சேர்த்து உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.

பெட்ரோல், தின்னர் இந்த வகையை மட்டும் சாக்கடைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். 1981-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் எண்ணெய் பிழியும் ஆலையிலிருந்து ஹெக்சேன் சாக்கடையில் இறங்கி, ஒரு நாள் விடியற்காலையில் தெருக்கள் மைல் கணக்கில் வெடித்துப் பிளந்தன. 1992-இல் மெக்சிகோவின் குவாதலஹாராவில் சாக்கடையில் கசிந்த பெட்ரோலால் 200-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குழாய்க்குள் ஆவி சேரும், ஒரு பொறி போதும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? மாநகராட்சியா, பொல்யூஷன் போர்டா?

இரண்டு பேரிடமும். மாநகராட்சி கொடுப்பது இணைப்பு. வாரியம் கொடுப்பது இசைவாணை, கட்டுவதற்கு முன் ஒன்று, ஓட்டுவதற்கு முன் ஒன்று. நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஆறு, கிணறு, சாக்கடை, நிலம் எதில் விட்டாலும் முன்கூட்டியே இசைவு வேண்டும் என்கிறது. வீட்டுக் கொல்லையில் நடந்தாலும் தொழில் நடக்கும் இடத்திலிருந்து வருவது தொழிற்கழிவுதான், வீட்டு இணைப்பைக் காட்டித் தப்பிக்க முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மாநகராட்சியும் தன் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அதே வாரியத்திடம் கைகட்டி இசைவு வாங்கித்தான் நடத்துகிறது. நீங்கள் விட்ட சாயத்தால் அவர்கள் தண்ணீர் தேறாமல் போனால் கேள்வி அவர்களுக்கும் வரும், அவர்கள் திரும்பி உங்களைத் தேடுவார்கள்.

இணங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், வழக்கு, அபராதம் இதெல்லாம் மெதுவாக வரும். வேகமாக வருவது 33ஏ பிரிவு. மூடு என்று உத்தரவு போடலாம், கரண்ட்டையும் தண்ணீரையும் வெட்டச் சொல்லலாம். கரண்ட் போனால்தான் நம் ஆட்களுக்குச் சட்டம் தெரிகிறது.

சாம்பிள் எடுக்க வந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஓடாதீர்கள். சட்டத்தின் 21-ஆம் பிரிவு உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சாம்பிள் எடுப்பவர் அங்கேயே அப்போதே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், உங்கள் முன்னால் இரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டுக்கும் சீல் வைத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று வாரியத்தின் லேப்புக்குப் போகும். இரண்டாவது பங்கைச் சட்டம் சொல்லும் மாநில நீர் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் கேட்கலாம், கேட்டால்தான் அந்தப் பங்கு அங்கே போகும். பூட்டிவிட்டுப் போய்விட்டால் அந்த உரிமையைத்தான் இழக்கிறீர்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கக் கொடுப்பதாக இருந்தால் ஒரே பாட்டிலில் பிடித்து வெயிலில் பைக்கில் கொண்டுவராதீர்கள். எண்ணெய்க்குக் கண்ணாடி பாட்டில், பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். உலோகத்துக்கு நைட்ரிக் அமிலம் ஒரு சில சொட்டு விட்ட பாட்டில். பிஓடிக்கு ஐஸ்.

லேப்காரன் ரகசியம் ஒன்று. நம் நாட்டில் பிஓடியை 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கிறோம், பாட்டிலுக்குள் கிருமி எவ்வளவு ஆக்ஸிஜனைத் தின்கிறது என்பதுதான் கணக்கு. முலாம் தண்ணீரில் பிஓடி அழகாக 10, 15 என்று வரும். பட்டறைக்காரருக்கு ஒரே சந்தோஷம். ஐயா, அங்கே தின்ன வேண்டிய கிருமி செத்துப்போய்விட்டது, அதனால்தான் ஒன்றையும் தின்னவில்லை! பிஓடி குறைவாகவும் சிஓடி (கிருமிக்குப் பதில் ரசாயனத்தை வைத்து அளக்கும் ஆக்ஸிஜன் தேவை) எக்கச்சக்கமாகவும் இருந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் விஷம்தான்.

ராத்திரியிலோ மழையிலோ திறந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

குழாய்க்குத் தெரியும். சாக்கடைக் குழாயின் உள்சுவரில் வழவழவென்று ஒரு கிருமிப்படலம் வளரும், அது ஓடிப்போகும் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ராத்திரி இரண்டு மணிக்கு விட்ட குரோமியத்தை ஒரு வாரம் கழித்துச் சுரண்டி எடுத்தாலும் சொல்லும். ஒவ்வொரு மூடியாக மேல்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வந்தால் எந்த மூடியில் திடீரென்று எண் குறைகிறதோ அதற்கும் முந்தினதற்கும் நடுவில்தான் ஆள்.

மழைநீரைச் சாக்கடையில் விடுவதும் தப்புத்தான். ஐப்பசி அடைமழையில் மொட்டைமாடித் தண்ணீரை எல்லாம் அதில் இறக்கினால் குழாய் தாங்காது, மூடியைத் தூக்கிக்கொண்டு வரும்.

பழைய போர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதில்...

வேண்டாம். கேட்காதீர்கள். உங்கள் பேரப்பிள்ளை குடிக்கும் தண்ணீர் அது.

டேங்கர் லாரிக்காரர் எடுத்துப்போகிறேன் என்கிறார்?

எங்கே கொட்டுகிறார் என்று கேளுங்கள், ரசீது கேளுங்கள். செப்டிக் டேங்க் லாரிக்குச் சாயக்கழிவு ஏற்ற உரிமம் கிடையாது. ரிங் ரோட்டோரம் கண்மாயில் திறந்துவிட்டால் லாரியோடு சேர்த்து உங்கள் பெயரும் வரும்.

கசடை என்ன செய்வது? குப்பை வண்டியில் போடலாமா?

சாய, முலாம் கசடு அபாயக் கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிப்படி 90 நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் கும்மிடிப்பூண்டி என்று சொன்னால் லாரி வாடகையைக் கேட்டே மயக்கம் வரும், இப்போது விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கிறது. காயவைத்து அனுப்புங்கள், ஈரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

திருப்பூர் மாதிரி நம் ஊரிலும் ஒரேயடியாக மூடிவிடுவார்களா?

ஆரூடம் சொல்ல மாட்டேன், நடந்ததைச் சொல்கிறேன். நொய்யல் ஆறு செத்து, ஒரத்துப்பாளையம் அணை சாயத் தொட்டியாகி, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாடு செய்தவர்கள்தான் திரும்ப ஓட்ட முடிந்தது. அந்த ஏற்பாட்டில் உப்பைப் பிரிக்கச் சவ்வும் கொதிகலனும் தேவை, தனி ஆள் தாங்கும் செலவு இல்லை, அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்று கூட்டாகச் சேர்ந்தார்கள்.

நமக்கு வேறொரு கட்டும் இருக்கிறது. ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் புதுத் தொழில் கூடாது என்று 1989-இல் அரசாணை வந்தது, 1998-இல் வைகை உள்ளிட்ட சில ஆறுகளுக்கு அது 5 கிலோமீட்டர் ஆனது. வரைபடத்தில் வைகைக் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் அளந்து பாருங்கள், மீனாட்சியம்மன் கோயிலும் உள்ளே, செல்லூரும் உள்ளே. புதிதாகச் சாயப்பட்டறை போட இடம் பார்க்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும். கொடுத்துவிட்டு வந்து என்னிடம் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி என்ன பயன்?

எங்கள் வாசல் மூடி அடைத்துக்கொண்டது. தெரிந்த ஆள் ஒருவர் இறங்கி எடுத்துத் தருகிறேன் என்கிறார். விடலாமா?

கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், காசு கொடுத்து இறக்கிய உங்கள் மேல்தான் வழக்கு. சாக்கடையில் இறங்கி ஒருவர் செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதற்கும் உங்கள் சாயத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது, அதனால்தான் இங்கே சொல்கிறேன். சாயம் ஏற கிளாபர் சால்ட் போடுகிறீர்களே, அது சோடியம் சல்ஃபேட். காற்றில்லாத குழாயில் கிருமி அந்தச் சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடித்து எச்சரிக்கும், 100 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கை, நெருங்கினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது, ஐந்நூறு ஆயிரம் என்று போனால் ஏணியில் கால் வைத்த ஆள் திரும்பி ஏற மாட்டார். தூக்கப் போன இரண்டாவது ஆளும் விழுவார், பேப்பரில் எப்போதும் இரண்டு பேர் மூன்று பேர் என்று வருவது அதனால்தான். அதே வாயு குழாயின் மேல்சுவரில் ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகி கான்கிரீட்டை அரிக்கிறது. ரோடு திடீரென்று உள்வாங்கிப் பள்ளம் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாநகராட்சிக்குப் போன் செய்யுங்கள், மெஷின் வண்டி வரும். தாமதமாகத்தான் வரும், ஒத்துக்கொள்கிறேன். அதுவரை மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

நான் பட்டறைக்காரன் இல்லை, தெருவில் குடியிருக்கிறவன். கலர்த் தண்ணீர் ஓடினால் என்ன செய்யலாம்?

தேதி, நேரம், எந்த இடம், என்ன நிறம், போட்டோ. மூன்று நாலு முறை குறித்து வைத்தால் நேரத்தில் ஓர் ஒழுங்கு தெரியும், அதுதான் ஆதாரம். மாநகராட்சிக்கும் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். நுரை என்றால் உடனே சாயப்பட்டறை என்று பாயாதீர்கள், வீட்டுச் சோப்புத்தூளும் நுரைக்கும். அயன்பாப்பாகுடி கண்மாயில் நுரை மலைபோல் நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள், மொத்த ஊரும் துவைத்த தண்ணீருக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

எல்லாம் சரி, கையில் காசில்லை. நாளைக்குக் காலையில் எதைச் செய்யலாம்?

பிஹெச் பேப்பர் ஒரு கட்டு, டிடிஎஸ் மீட்டர் ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று. தினமும் தண்ணீர் விடுவதற்கு முன்னால் இரண்டையும் பார்த்து நேரத்தோடு எழுதுங்கள். எண் மோசமாக இருந்தாலும் உள்ளபடியே எழுதுங்கள். எல்லா நாளும் 7.0 என்று எழுதிய நோட்டை நான் மட்டுமில்லை, எந்த அதிகாரியும் ஒரு பக்கம் புரட்டியதுமே மூடிவிடுவார். மீட்டரை மட்டும் மாதம் ஒரு முறை லேப்புக்குக் கொண்டுவாருங்கள், சரிபார்த்துத் தருகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.